சிமெண்டுக் களத்தில் பாசி: நீக்கும் முறையும் தடுக்கும் வழியும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது, நெற்களம், கிணற்றடி, மாட்டுத் தொழுவம், பம்புசெட் தொட்டியைச் சுற்றியுள்ள தளம் ஆகிய இடங்களில் பச்சையும் கறுப்புமாகப் பாசி படர்ந்திருப்பதை விவசாயிகள் அனைவரும் அறிவர். "மழைக்கு வந்தது, வெயிலுக்குப் போய்விடும்" என்று பலரும் அதை விட்டுவிடுகிறோம். பயிரைத் தாக்கும் பூச்சிக்கும் நோய்க்கும் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட இதற்குக் காட்டுவதில்லை. ஆனால் ஒரு சிறு விவசாயக் குடும்பத்திற்கு இப்பாசியால் வரும் இழப்பு சிறியதன்று.

முதலாவது, மனிதர்கள் வழுக்கி விழுதல். வயதானவர்கள் விழுந்தால் பெரும்பாலும் முறிவது தொடை எலும்பின் மேற்பகுதி. அறுவைச் சிகிச்சைச் செலவு, மாதக்கணக்கில் படுக்கை, கவனித்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேலையை விட்டு இருத்தல் என்று ஒரு போக விளைச்சலே இதில் போய்விடும்.

இரண்டாவது, கறவை மாடுகள். பாசியில் வழுக்கும் மாட்டிற்குப் பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் அகன்று தசை கிழிந்துவிடுவதுண்டு. அவ்வாறு விழுந்த மாடு மீண்டும் எழுந்து நிற்பது கடினம். சினை மாடாக இருந்தால் ஆபத்து இரட்டிப்பு.

மூன்றாவது, நெல். பாசி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் நெல்லைப் பரப்பினால் மேல் நெல் காயும். அடி நெல் காயாது. நீண்ட நாள் சேமிக்கும் நெல்லில் ஈரப்பதம் 13 சதவிகிதத்திற்கு மேல் இருத்தல் கூடாது. அடி நெல்லில் தங்கும் ஈரம் மூட்டைக்குள் சூடேறிப் பூஞ்சாணம் பிடிக்கக் காரணமாகிறது. களம் பாசி பிடித்துக் கிடப்பதால் தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டி உலர்த்துவோரும் உண்டு. சாலையில் உலர்த்துவதால் ஏற்படும் விபத்துகளைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வீட்டில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன் பயிர் ஆய்வுக்காக ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். வயலைப் பார்த்துவிட்டு வீட்டிற்கு வந்தபோது திண்ணையில் ஒரு மூதாட்டி காலை நீட்டிப் படுத்திருந்தார். பால் கறக்கப் போகும் வழியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, அறுவை செய்து வீடு திரும்பியிருந்தார். வீட்டிலிருந்த இரண்டு கறவை மாடுகளில் ஒன்றை மருத்துவச் செலவிற்காக விற்றுவிட்டனர்.

"சார், எந்த மருந்தை ஊத்தினா இந்தப் பாசி போகும்?" என்று மகன் கேட்டார். கழிவறை கழுவும் ஆசிட்டை வாங்கி ஏற்கெனவே இரண்டு முறை ஊற்றியிருந்தார். ஊற்றியவுடன் நுரைத்துக்கொண்டு போன பாசி, இரண்டே மாதத்தில் முன்னைவிட அடர்த்தியாக வந்துவிட்டது. நானும் எந்தக் கரைசலைச் சொல்லலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்த வீட்டு மருமகள், "பங்குனி வெயில்லயும் அந்த இடம் மட்டும் பச்சையாத்தான் இருக்கும் சார், மோட்டார் குழாய் சேர்ற இடத்துல தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு" என்றார். போய்ப் பார்த்தோம். குழாய் இணைப்பில் சொட்டு சொட்டாக நீர் ஒழுகி, தளத்தில் பள்ளமாக இருந்த இடத்தில் தேங்கி நின்றது. பாசி இருந்தது அந்த அளவிற்கு மட்டும்தான். மருந்தைத் தேடிய நான் கவனிக்கத் தவறியதை அந்தப் பெண் கவனித்திருந்தார். அன்று முதல், பாசியைப் பற்றிக் கேட்கும் விவசாயிகளிடம் நான் முதலில் கேட்பது, "தண்ணீர் எங்கே நிற்கிறது?" என்பதுதான்.

பாசி ஏன் படர்கிறது?

பாசி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. வழவழப்பாக மெல்லிய ஏடு போலப் படிந்து, காய்ந்தால் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி இனம். நெல் வயலில் தழைச்சத்திற்காக நாம் இடும் நீலப்பச்சைப் பாசிக்கு இது உறவு. வெல்வெட் துணி போல மெத்தென்று வளர்வது மாஸ் எனப்படும் பாசிச் செடி. இதற்கு உண்மையான வேர் கிடையாது. நூல் போன்ற இழைகளால் தளத்தைப் பற்றிக்கொள்ளும். மழை நாளில் அதிகம் வழுக்குவது முதல் வகை. நீரை அதிகம் பிடித்து வைப்பது இரண்டாம் வகை.

இரண்டிற்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. வெயிலில் காய்ந்தால் இவை சாவதில்லை, உறங்குகின்றன. சித்திரையில் கறுத்து உலர்ந்து கிடக்கும் பாசி, ஒரு மழை பெய்தவுடன் பச்சையாகிவிடுவது இதனால்தான். ஆகவே "வெயிலுக்குப் போய்விடும்" என்பது சரியன்று.

புதிதாகப் போட்ட சிமெண்டுத் தளத்தில் பாசி வருவதில்லை. சிமெண்டில் உள்ள சுண்ணாம்புத் தன்மையே காரணம். புதிய தளத்தின் கார அமில நிலை 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் பாசி வளராது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கரியமில வாயு மேற்பரப்பிலுள்ள சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக மாற்றிக் காரத்தைக் குறைத்துவிடுகிறது. அதன் பின் ஈரமும் நிழலும் சேர்ந்தால் பாசி பிடிக்கிறது.

நிழலைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், கட்டிடத்தின் வடபுறம் வெயில் விழுவதில்லை. வடகிழக்குப் பருவ மழையும் அதே காலத்தில்தான் பெய்கிறது. எனவே தொழுவம், மோட்டார் அறை, வைக்கோற்போர் ஆகியவற்றின் வடபுறத் தளத்தை முதலில் கவனிக்கவும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்திலும், குளிரும் பனியும் மிகுந்த நீலகிரியிலும் ஆண்டிற்கு இருமுறையேனும் இக்கவனிப்புத் தேவை.

நீக்கும் முறை

இரண்டு மூன்று நாள் மழையில்லாத சமயத்தைத் தேர்ந்தெடுக்கவும். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடைக்கு முன், மார்கழிக் கடைசி வாரங்கள் ஏற்றவை. குறுவை நெல்லுக்குக் களம் தேவைப்படுவோர் ஆவணியிலேயே செய்துவிடலாம்.

1. காய்ந்த நிலையில் சுரண்டுதல்: காலை வெயில் ஏறிப் பாசி உலர்ந்த பின், கொத்தனார் கரண்டி அல்லது தேய்ந்த மண்வெட்டியால் படுக்கை வாட்டில் சுரண்டவும். ஈரத்தில் சுரண்டினால் சேறாக இழுபடும். சுரண்டுபவரும் வழுக்கி விழ நேரிடும். சுரண்டிய பாசியைக் கூட்டி அள்ளி எருக்குழியில் போடலாம். மருந்து எதுவும் படுவதற்கு முன் எடுப்பதால் எருவிற்குக் கெடுதல் இல்லை. இந்த முதல் வேலையைச் சரிவரச் செய்தாலே முக்கால் பங்கு பாசி போய்விடும்.

2. தேய்த்துக் கழுவுதல்: தளத்தை நனைத்து, சிறிது ஆற்று மணலைத் தூவி, கட்டை விளக்குமாறு அல்லது தென்னை நார் பிரஷ் கொண்டு அழுத்தித் தேய்க்கவும். கம்பி பிரஷ் வேண்டாம். அதிலிருந்து ஒடிந்து விழும் கம்பித் துண்டுகள் நெல்லோடும் தீவனத்தோடும் கலந்துவிடும். மாடு கம்பித் துண்டை விழுங்கினால் அது இரைப்பையைத் துளைத்து இருதயம் வரை செல்லக்கூடும். கழுவிய நீரைச் சேற்றோடு வெளியேற்றவும்.

பாசி லேசாக இருந்தால் இந்த இரண்டு வேலைகளும் போதும். தளத்தின் நுண்ணிய துளைகளில் பச்சை தங்கியிருந்தால் மட்டும் மூன்றாவதைச் செய்யவும்.

3. பிளீச்சிங் பவுடர் கரைசல்: நல்ல பிளீச்சிங் பவுடரில் குளோரின் 30 சதவிகிதத்திற்கு மேல் இருக்கும். லிட்டருக்கு 30 கிராம் வீதம், 10 லிட்டர் நீருக்கு 300 கிராம் எடுத்துக்கொள்ளவும். பிளாஸ்டிக் வாளியில் முதலில் சிறிது நீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு மீதி நீரை ஊற்றிக் கலக்கவும். அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் இறுத்துப் பயன்படுத்தவும். 100 சதுர அடிக்குச் சுமார் 5 லிட்டர் கரைசல் போதுமானது.

வெயில் குளோரினின் வீரியத்தைக் குறைத்துவிடும். ஆகையால் இதை மாலை வேளையில் செய்யவும். பிளாஸ்டிக் பூவாளியால் பாசியுள்ள இடத்தில் மட்டும் தெளித்து, 15 முதல் 20 நிமிடம் தளம் காயாமல் வைத்திருந்து, மீண்டும் தேய்த்து, நிறைய நீர் விட்டுக் கழுவவும். நெற்களமானால் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிட்ட பின்பே நெல்லைப் பரப்ப வேண்டும்.

சுரண்டாமல் நேரடியாகக் கரைசலை ஊற்றுவோர் உண்டு. பாசியும் அழுக்கும் குளோரினை உறிஞ்சித் தீர்த்துவிடுவதால் மருந்து வீணாகும். தளத்திற்குள் இருக்கும் பாசி சாகாது. கட்டியாகிப்போன, நெடி குறைந்த பழைய பவுடரும் பயன் தராது.

பாதுகாப்பு விதிகள்

பிளீச்சிங் பவுடரை ஆசிட்டோடு எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும். ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தளத்தில் ஊற்றுவதும் அதே ஆபத்துதான்.

யூரியா, அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்களோடும் இதைச் சேர்க்கலாகாது. உர மூட்டைக்கு அருகில் சேமிக்கவும் வேண்டாம். மாட்டு மூத்திரத்திலும் அம்மோனியா உண்டாகிறது. ஆகவே தொழுவத்தில் தெளிப்பதற்கு முன் மாடுகளை வெளியே கட்டி, சாணத்தையும் மூத்திரத்தையும் நன்றாகக் கழுவித் தள்ளிய பிறகே கரைசலைப் பயன்படுத்த வேண்டும். கதவு, சன்னல்களைத் திறந்து வைக்கவும்.

கையுறை, ரப்பர் செருப்பு அல்லது பூட்ஸ் அணிந்து, கண்ணில் தெறிக்காமல் வேலை செய்யவும். காற்று வீசும் திசைக்கு எதிரே நின்று தெளிக்க வேண்டாம். பூச்சி மருந்து அடிக்கும் கைத்தெளிப்பானை இதற்கு எடுக்காதீர்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் தளம் காயும்வரை அந்தப் பக்கம் விடக் கூடாது.

இடத்திற்கு ஏற்ற முறை

கிணற்றடி: குடிநீர்க் கிணற்றில் குளோரின் கலக்க, ஆயிரம் லிட்டர் நீருக்குச் சுமார் 2.5 கிராம் பவுடர் போதும். நாம் தளத்திற்குச் சொல்லும் கரைசல் அதைப்போல 12,000 மடங்கு கடுமையானது. எனவே கழுவும் நீர் கிணற்றுக்குள் இறங்காதபடி, சுற்றுச்சுவர் ஓரத்தில் களிமண்ணால் சிறு வரப்புக் கட்டி, நீரை வெளி வாய்க்காலுக்குத் திருப்பிய பிறகே வேலையைத் தொடங்கவும். சுற்றுச்சுவரே இல்லாத கிணற்றில் கரைசல் வேண்டாம். சுரண்டித் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டி: இதற்குப் பிளீச்சிங் கரைசல் தேவையில்லை. நீரை வடித்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, 15 நாட்களுக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிக்கவும். சிமெண்ட் இழந்துவிட்ட காரத்தைச் சுண்ணாம்பு திருப்பித் தருவதால் பாசி பிடிப்பது தள்ளிப்போகும். சுண்ணாம்பு காய்ந்ததும் ஒருமுறை நீர் நிரப்பிக் கொட்டிவிட்டு, அடுத்து நிரப்பும் நீரை மாடுகளுக்குக் கொடுக்கலாம்.

வாசற்படி: பரப்பு சிறியதாகையால் கொதிக்கும் வெந்நீரை ஊற்றித் தேய்த்தாலே போதும்.

கரைசல் கழுவிய நீரை மீன் குட்டை, அசோலாத் தொட்டி, நாற்றங்கால், காய்கறிப் பாத்தி ஆகியவற்றில் விடக் கூடாது. வெறும் தரையில் பரவலாக விட்டால் மண்ணிலும் வெயிலிலும் குளோரின் சிதைந்துவிடும்.

செய்யக் கூடாதவை

ஆசிட்: இது பாசியோடு சிமெண்டையும் கரைக்கிறது. நுரைத்து வருவது பாசி மட்டுமன்று. நீங்கள் காசு கொடுத்துப் போட்ட தளமும்தான். தளம் சொரசொரப்பாகித் துளைகள் பெருகி, முன்னைவிட அதிக நீரைப் பிடிக்கும். மேலே கூறிய வீட்டில் பாசி இரண்டே மாதத்தில் திரும்பி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மயில்துத்தம்: பாசியைக் கொல்லும், ஆனால் மீன்களுக்கு நஞ்சு. செம்ளியாடுகள் தாமிரத்தைத் தாங்குவதில்லை. தொட்டி, தொழுவம், களம் ஆகிய இடங்களில் இது வேண்டாம்.

உப்பும் உரங்களும்: சமையல் உப்பு தளத்திற்குள் உள்ள இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். அம்மோனியம் சல்பேட் சிமெண்டையே அரித்துவிடும். இரும்பு சல்பேட் துருக்கறையை விட்டுச் செல்லும்.

களைக்கொல்லி: வயலுக்கு வாங்கியதில் மீந்ததைக் களத்தில் அடித்துவிடும் பழக்கம் ஆபத்தானது. உண்ணும் தானியம் காயும் இடம் அது என்பதை மறக்கலாகாது.

சாக்கு விரித்தல்: வழுக்குகிறதே என்று ஈரச் சாக்கை விரித்துவிடுகிறோம். அன்றைக்கு அது உதவும். ஆனால் சாக்கின் அடியில் ஈரமும் நிழலும் நிலையாக இருப்பதால் பாசி அங்கேதான் செழிக்கும். வைக்கோலைப் பரப்புவது இன்னும் மோசம். வழுக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. வேறு வழியில்லாத நாளில் மணலைத் தூவி நடப்பதே நல்லது.

திரும்ப வராமல் தடுக்க

பாசியை நீக்கிய தளத்தில் நீரின் போக்கைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த மழையில் அது திரும்பி வரும். சுத்தம் செய்த மறுநாள் ஒரு குடம் நீரைத் தளத்தின் மேட்டுப் பக்கம் ஊற்றிப் பாருங்கள். கால் மணி நேரம் கழித்தும் நீர் எங்கே நிற்கிறதோ, அந்த இடத்தைச் சுற்றிக் கரியால் கோடு போடுங்கள். அடுத்த ஆண்டு பாசி பெரும்பாலும் அந்தக் கோட்டிற்குள்தான் வரும்.

சிறு பள்ளமானால், அந்த இடத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, சிமெண்ட் பால் தடவி, கலவை பூசி நிரப்பவும். பூசிய இடத்தை ஒரு வாரம் ஈரமாக வைத்திருக்க வேண்டும். புதிதாகத் தளம் போடுவோர் பத்து அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு இருக்குமாறு கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும். தொழுவத்திலும் கிணற்றடியிலும் வழவழவென்று பூசாமல், ஈரக் கலவையின் மேல் விளக்குமாற்றால் கோடு இழுத்துவிட்டால் காலுக்குப் பிடிப்புக் கிடைக்கும். கோடுகள் சரிவின் போக்கிலேயே இருந்தால் நீர் அவற்றில் தேங்காது.

ஒழுகும் குழாய், கசியும் தொட்டி, தளத்தின் மேல் விழும் கூரை நீர், வெயிலை மறைக்கும் கிளைகள் ஆகிய நான்கையும் மழைக்கு முன் ஒருமுறை பார்த்துச் சரிசெய்யவும். குழாய் இணைப்பில் சுற்ற ஒரு சுருள் டேப்பும் அரை மணி நேர வேலையும் போதும். கூரை நீரைத் தகரத் தாழ்வாரத்தால் தென்னை மரத்துப் பாத்திக்குத் திருப்பிவிட்டால் மரத்திற்கும் பயன். மழை மாதங்களில் வாரம் ஒருமுறை தளத்தைக் காய்ந்த விளக்குமாற்றால் அழுத்திப் பெருக்கினால் பாசி காலூன்ற இடமிராது.

முன்பு கூறிய வீட்டிற்கு அடுத்த ஆண்டு தையில் மீண்டும் சென்றேன். குழாய் இணைப்பை மாற்றி, பள்ளத்தைப் பூசியிருந்தனர். ஆசிட் ஊற்றாமலே கிணற்றடி உலர்ந்து வெளுத்திருந்தது. மூதாட்டி கைத்தடியை ஊன்றி அதன் மேல் மெல்ல நடந்து வந்து, "போன வருசமே இதைச் செஞ்சிருந்தா என் மாடு இருந்திருக்கும் தம்பி" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

விவசாயப் பெருமக்கள் இந்த மழை ஓய்ந்ததும் தங்கள் கிணற்றடியையும் தொழுவத்தையும் களத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று வீட்டுப் பெண்களைக் கேட்டால், அங்கே தினமும் நடப்பவர்கள் ஆகையால், உடனே சொல்லிவிடுவார்கள். முதலில் அந்த நீரை வடியச் செய்யுங்கள். பிறகு பாசியைச் சுரண்டுங்கள். மருந்து வாங்க வேண்டிய தேவை பல வீடுகளில் வராமலே போகும்.